கருத்து மோதலும் கண்டனப் பண்பும்

ஈழத்துத் தமிழ் இலக்கிய உலகம் 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்திலே ஒரு பெரும் வாதத்தைக் கண்டது. மரபு என்பது யாது, மக்களின் பேச்சு வழக்கு இலக்கியத்தில் இடம்பெறலாமா, எழுத்தாளன் யாருக்காக எழுதுகின்றான் என்னும் வினாக்களே அதன் உயிர்நாடியாக விளங்கின. வாதத்தில் வென்றவர் யார் என்பது பற்றி நம்மிடையே அடிக்கடி பேசப்படுகின்றது. அது எவ்வாறு நடத்தப்பட்டது என்பதோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை. எதிராளியின் கருத்து நேர்மையாக எடுத்துரைக்கப்பட்டதா, ஏற்கத்தக்கன ஏற்கப்பட்டனவா, வாதம் முடிந்தபின் இரு சாராரும் முன்னிலும் தெளிவு பெற்றனரா என்பவை விமரிசனத்துக்கு உரிய வினாக்களே. அவற்றை இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குக் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொள்வதற்குக் காரணமுண்டு. 1942இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1954இல் அதனை முறைப்படி திறந்துவைக்க வந்த எடின்பரோ கோமகன், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த கழகத்தை ‘வழமையிலும் கூடுதலாகத் திறந்ததாக’ அறிவித்தார் என்பர். அரச குடும்பத்தவர் ஒருவரின் வேடிக்கைப் பேச்சு அது. எனினும் கழகத்தார் அதனைப் பெருமையோடு போற்றி வந்துள்ளனர். ஒரு கல்விக்கூடத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதைக் கோமகனின் சொல்லால் அளக்க முடியாது. அங்கே மாற்றுக் கருத்து எவ்வாறு வரவேற்கப்படுகின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

மரபு வாதத்தின் இரு முனைகளிலும் பேராதனைத் தமிழ்த் துறையைச் சார்ந்தோர் நின்றனர். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் பக்கம் நின்று எழுதிய க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேராதனையில் பயின்றவர்கள். மறுபக்கத்திலே மரபின் காவலராகக் குரல்கொடுத்த ஆ. சதாசிவம் அத்துறையின் ஆசிரியர்களுள் ஒருவர். கதைகளிலே யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் பேச்சும், மட்டக்களப்பு மக்களின் பேச்சும், மலையகத் தோட்டத் தொழிலாளரின் பேச்சும் புகுந்தமையே சர்ச்சையின் உடனடிக் காரணமாயிற்று. பழைய உரைகளிலே பயின்ற ‘இழிசனர் வழக்கு’ என்னும் தொடர் புதிய எழுத்தின்மீது வீசப்பட்டது.

முதலில் மரபு பேணுவோரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்போம். தமிழுக்கு எழுத்துவழக்கு ஒன்று உண்டு. பருத்தித்துறையில் எழுதப்பட்ட நூலை அட்டனில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் படித்துப் பொருள்கொள்வது அதனாலேதான். ஒவ்வொரு பகுதியினரும் தத்தம் பேச்சில் எழுதத் தொடங்கினால் ஒரு பகுதியின் இலக்கியம் மறு பகுதிக்கு அந்நியமாகலாம். தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் ஆற்றலும் குன்றலாம். ஏழை மாணவன் வீட்டிலே கேளாத செம்மொழியைப் பாடசாலையிலாவது பெறட்டும் என்று ஓர் ஆசிரியர் கருதினால் அக்கருத்தைப் பிற்போக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

இனி முற்போக்காளரின் வாதம். ஒருவனுடைய பேச்சு அவனுடைய வாழ்விலிருந்து பிரிக்க முடியாதது. கிணற்றடியில் தண்ணீருக்காகக் காத்து நிற்பவளையும் பிரட்டுக்களத்தில் பேர் பதியக் காத்து நிற்பவளையும் பண்டிதத் தமிழில் பேசவைத்தால், அங்கே பேசுவது அவள் அல்லள். ஆசிரியனே பேசுகின்றான். மொழிக்கு வாயில் அடைக்கும்போது அம்மொழியைப் பேசும் மாந்தருக்கும் வாயில் அடைக்கப்படுகின்றது. ‘இழிசனர்’ என்னும் சொல் இலக்கணக் குறியீடாகத் தோன்றினும் சாதிச் சமூகத்திலே அது இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. மனிதரைத் தரம்பிரிக்கும் தீர்ப்பாகவே அது கேட்கப்படும்.

இவ்விரு வாதங்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓருண்மை புலனாகின்றது. மரபாளர் விடை தேடியது தமிழரெல்லாரும் பொதுவாகப் படிக்கத்தக்க மொழி எது என்னும் வினாவுக்கு. முற்போக்காளர் விடை தேடியதோ இலக்கியத்தில் மனிதராக நடமாடும் உரிமை யாருக்குண்டு என்னும் வினாவுக்கு. இரண்டும் ஒரே வினா அன்று. ஒன்றுக்குத் தந்த விடை மற்றொன்றை மறுத்துவிடாது. வாதம் சூடேறிய வேளையிலே இந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. ஒரு சாராருக்கு எதிராளி தமிழைக் கெடுப்பவனாகவும், மறு சாராருக்கு எதிராளி சாதித்திமிர் பிடித்தவனாகவும் மட்டுமே தோன்றினர்.

இதிலே வியப்புக்குரிய செய்தி என்னவெனில், இரு வினாக்களுக்கும் ஒருங்கே விடைகண்ட ஒருவர் அதே துறையின் தலைமைப் பேராசிரியராக இருந்தமையே. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை கல்வெட்டுத் தமிழின் இலக்கணத்தை ஆராய்ந்து இலண்டனில் பட்டம் பெற்றவர். மரபிலக்கணப் பயிற்சியில் அவரைக் குறைகூற எவராலும் இயலாது. அவரே 1940இல் வெளிவந்த ‘நானாடகம்’ முதலான நாடகங்களை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் எழுதினார். மரபறிந்தவன் பேச்சு வழக்கை வெறுக்க வேண்டும் என்பதுமில்லை, பேச்சு வழக்கைக் கையாள்பவன் மரபறியாதவன் என்பதுமில்லை. ஒரு மனிதரிடத்தே இணைந்து வாழ்ந்த இரண்டையும் இரு பாசறைகளாகப் பிரித்துக்கொண்டு போர் நடத்தியமை அவ்வாதத்தின் பெரிய பலவீனம் என்றே கருதுகின்றோம்.

வாதம் ஏடுகளோடு நிற்கவில்லை. 1963இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற சாகித்திய விழாவிலே மேடையை நோக்கிக் கூழ்முட்டைகள் வீசப்பட்டன. இச்சம்பவத்தைச் சிலர் இன்றும் வீரச்செயலாகப் போற்றுகின்றனர். சிலர் காடைத்தனம் என்று கண்டிக்கின்றனர். கோயிலிலும் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்ட மக்களிடமிருந்து எழுந்த எழுத்தாளரை, இலக்கிய மேடையிலும் விலக்க முயன்றால் கோபம் பிறப்பது இயல்பே. அக்கோபத்தின் வரலாற்று நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் முட்டை எந்த வாதத்தையும் நிறுவுவதில்லை. முட்டையால் அடிபட்டவர் தம் கருத்தை மீளாய்வு செய்ததாக எங்கும் வரலாறு இல்லை. அதைக் கண்டு நின்ற நடுநிலையாளரோ, பேச்சு வழக்கின் நியாயத்தைப் பற்றிச் சிந்திப்பதை விடுத்து முட்டையின் நியாயத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினர். நியாயமான கட்சி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டது.

பிரச்சினையைத் தீர்த்துவைத்தது எழுத்து நடைமுறையே. கே. டானியல், டொமினிக் ஜீவா, எஸ். பொன்னுத்துரை, மலையகத்தின் என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் தொடர்ந்து எழுதினர். ஆசிரியர் கூற்று பெரும்பாலும் பொதுத் தமிழிலும், பாத்திரங்களின் உரையாடல் அவரவர் பேச்சிலும் அமையும் முறை பரவலாக நிலைபெற்றது. தொழிலாளியின் குரலும் பிழைத்தது, பிற பகுதி வாசகனும் வழி தவறவில்லை. இத்தீர்விலே முற்போக்காளரின் கோரிக்கை வென்றது என்பது உண்மை. மரபாளரின் அச்சத்துக்கும் அதில் ஓரளவு விடை இருக்கின்றது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை ஒப்புக்கொள்வதனால் முதலாவது உண்மை சிறுத்துவிடப் போவதில்லை. சதாசிவம் அவர்கள் தொகுத்த ‘ஈழத்துத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1966இல் வெளிவந்தது. ஈழத்துக் கவிதைக்குத் தனி வரலாறு உண்டு என்று காட்ட அத்தகைய தொகுப்பு பெரிதும் உதவும். தேசிய இலக்கியம் பேசியோர்க்கு எதிராளியின் உழைப்பும் உரமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

மற்றொரு சான்றையும் காண்போம். பேராதனையில் படித்து வெளியேறிய மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்னும் நூலில் முற்போக்கு அணியினரைக் கடுமையாக விமரிசித்தார். பொருள்முதல்வாதம் போதாது என்றார், ஆன்மிகத்தை முன்வைத்தார். அவருடைய தத்துவத்தை நாம் ஏற்கவில்லை. அவரை வெறும் கருத்துமுதல்வாதி என்று முத்திரை குத்தி ஒதுக்குவது முற்போக்கு வட்டாரத்திலே எளிதாக இருந்தது. ஆனால் 1971இல் புங்குடுதீவிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கிணற்றில் நீரள்ளும் உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் நடத்தியவர் அவரே. பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளாகி, 1973இல் இளவயதிலேயே இறந்தார். முத்திரை மனிதனை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தத்துவத்தில் எதிரணியில் நிற்பவன் போராட்டக் களத்தில் நம்மருகே நிற்கக்கூடும். அவனை முன்னரே பகைவனாக்கி அனுப்பிவிட்டால் இழப்பு யாருக்கு?

கண்டனத்திலும் பண்பு வேண்டும் என்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான கொள்கை அன்று. மணிமேகலையின் விழாவறை காதையிலே முரசறைவோன் நகர மக்களுக்கு விழாவை அறிவிக்கின்றான். வாதம் செய்வோர் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறவேண்டும் என்றும், பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலக வேண்டும் என்றும் அவன் கூறுகின்றான். அதே காவியத்தின் தலைவி வஞ்சி நகரிலே பல்வேறு சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்கின்றாள். பூதவாதியின் பொருள்முதற் கருத்தும் அங்கே ஒலிக்கின்றது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரோ பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்தது. பிறர் கொள்கையை முன்வைத்து மறுத்த பின்னரே தன் கொள்கை நிறுவப்படுகின்றது. அங்கே முதலில் வருபவன் உலகாயதனே. இந்நாட்டின் பழைய பொருள்முதல்வாதிகள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்களுடைய வாதங்களுள் பலவற்றை இன்று நாம் அறிவது அவர்களை மறுத்தோரின் நூல்கள் வாயிலாகவே. எதிராளியின் கருத்தை எடுத்துரைத்தபின் மறுக்கும் மரபு இல்லாதிருந்தால் உலகாயதன் பெயரும் நமக்கு எட்டியிராது. முற்போக்காளர் இம்மரபுக்குக் கடன்பட்டவர்கள்.

தமிழாசிரியர் யாவரும் அறிந்த நன்னூற் பாயிரம் நூலாசிரியன் கைக்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என வகுக்கின்றது. பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்று ஆராய்ந்து பின் களையலாம், தானே ஒன்றை நாட்டி நிறுவலாம், இருவர் மாறுபடும்போது ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கொள்கையில் நிற்கலாம். வகுப்பறையிலே இதனை மனப்பாடம் செய்வித்துப் புள்ளி வழங்கிவிடுகின்றோம். உண்மையில் கருத்து வேற்றுமையை நடத்துவதற்கான இலக்கணம் இது. இவ்வேழினுள் மறுப்பு உண்டு, குற்றம் காட்டல் உண்டு. எதிராளியின் பிறப்பையோ வருவாயையோ உள்நோக்கத்தையோ தாக்குவது மட்டும் இல்லை. நம் இலக்கிய ஏடுகளில் அதிகமாகப் பயிலப்பட்டிருப்பது பவணந்தியார் சொல்லாத அந்த எட்டாவது மதமே.

மரபு முழுவதும் தூய்மையானது என்று நாம் மயங்கவேண்டியதில்லை. அருட்பா மருட்பாப் பூசல் 1860களின் இறுதியில் நீதிமன்றம்வரை சென்றது. மறுபுறம், கண்டிக்கு அணித்தான கம்பளையிலே 1871இல் பௌத்தருக்கும் கிறித்தவருக்குமிடையே ஒரு பொது விவாதம் நிகழ்ந்தது. இரண்டாண்டுகளின் பின் பாணந்துறையிலே நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதத்துக்கு அது முன்னோடி. பாணந்துறையிலே பல்லாயிரவர் கூடியிருக்க இரு தரப்பினரும் வகுத்துக்கொண்ட விதிப்படி மாறி மாறிப் பேசினர். ஆட்சியாளரின் மதத்தை ஆளப்பட்டோரின் மதத்தவர் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்ட நிகழ்ச்சி அது. ஒழுங்குபட்ட விவாதம் பலவீனருக்கு எதிரான சூழ்ச்சி என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். விதி உள்ள மேடையிலே குரல் குறைந்தவனும் தன் முறை வரும்வரை காத்திருந்து பேசலாம். விதியற்ற மேடையிலே உரத்த குரலுடையவனே வெல்வான்.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் ஒரு வினா எழுப்புதல் கூடும். பண்பான உரையாடல் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? துரையின் முன் கைகட்டி நின்ற தோட்டத் தொழிலாளி எங்ஙனம் நயமாக மாறுபடுவான்? இவ்வினா நியாயமானது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே 1867இல் லூல்கந்தூராவில் தேயிலை பயிரிடத் தொடங்கியது முதல் அம்மக்களோடு யாரும் கலந்துரையாடவில்லை, ஆணையிட்டனர். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு என்று பங்கிட்டது. இரு பிரதமர்களும் மிகுந்த பண்போடுதான் உரையாடியிருப்பர். பங்கிடப்பட்டவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அவர்களை ஏற்றிச்சென்ற இரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர்.

ஆகவே பண்பான பேச்சு என்பதற்கு முதல் நிபந்தனை, பேசப்படுபவர் மேடையில் இருக்க வேண்டும் என்பதே. ஒடுக்கப்பட்டவனைப் பார்த்து ‘மெல்லப் பேசு’ என்பது பண்பன்று. அவன் பேசும்வரை காத்திருப்பதும், பேசியதைத் திரித்துக் கூறாதிருப்பதுமே பண்பு. அதிகாரத்துக்கு எதிரான கோபத்தையும், சமநிலையில் உள்ளோரிடையிலான கருத்து வேற்றுமையையும் ஒன்றாகக் குழப்புதல் ஆகாது. துரைக்கெதிராக வேலைநிறுத்தம் செய்வது போராட்டம். சக எழுத்தாளனை, சக ஆசிரியனை, சங்கத் தோழனைத் துரையைப்போல் பாவித்துத் தூற்றுவது போராட்டமாகாது. ஈழத்து முற்போக்கு அணி பிளவுண்டதற்குத் தத்துவ முரண்பாடுகள் ஓரளவு காரணம். இக்குழப்பமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

மார்க்சிய மேதைகளின் எடுத்துக்காட்டை இங்கு நினைவூட்டுதல் தகும். ரிக்கார்டோவின் பொருளியலைக் கார்ல் மார்க்ஸ் மறுத்தார். மறுக்கும்போதே அவருடைய அறிவு நேர்மையைப் பாராட்டினார். தோல்ஸ்தோயின் சமயக் கோட்பாட்டை லெனின் ஏற்கவில்லை. எனினும் 1908இல் எழுதிய கட்டுரையிலே அவரை ருசியப் புரட்சியின் கண்ணாடி என்று கண்டார். எதிராளியிடத்து உண்மையின் கூறு உண்டு, முரண்பாட்டின் ஊடாகவே அறிவு வளர்கின்றது என்பதுதானே இயக்கவியல்? பேராதனையிலே நீண்டகாலம் பணியாற்றிய எம். ஏ. நுஃமான் 1987இல் வெளிவந்த ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ என்னும் நூலிலே மார்க்சியத் திறனாய்வின் பிரச்சினைகளை உள்ளிருந்தே ஆராய்ந்தார். கொள்கையில் உறுதியுடையவனுக்கே இவ்வாறு திறந்த மனம் வாய்க்கும்.

பேராதனையின் திறந்தவெளி அரங்கும் நமக்கொரு பாடம் கற்பிக்கின்றது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய 1956ஆம் ஆண்டிலேயே எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. அவர் கையாண்ட நாடகம வடிவத்தின் வேர்கள் தமிழ்க் கூத்திலே உள்ளன. அதே பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் புதுக்கி அரங்கேற்றினார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சில நாழிகைக்குள் அடங்கலாமா என்பதும் மரபு பற்றிய வினாவே. பாராளுமன்றத்திலே இரு மொழியினரும் எதிரெதிரே நின்ற காலத்தில் ஒரே மலையடிவாரத்து அரங்குகள் ஒன்றையொன்று நோக்கிக் கற்றுக்கொண்டன.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இதே மாவட்டம் கண்டது. 2018 மார்ச் மாதத்தில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவரின் மரணம் அதற்குச் சாக்காக்கப்பட்டது. சில நாட்களுக்கு முன் அம்பாறையிலே உணவில் மலட்டு மாத்திரை கலக்கின்றார்கள் என்னும் பொய் பரப்பப்பட்டது. அத்தகைய மாத்திரை உலகில் எங்குமே இல்லை. ஒரு மருத்துவரிடமோ பக்கத்து வீட்டு முஸ்லிமிடமோ ஒரு கேள்வி கேட்டிருந்தால் பொய் பொடிப்பொடியாகியிருக்கும். கேட்கும் பழக்கம் அற்றுப்போன இடத்தில் கைத்தொலைபேசியில் வந்த வதந்தி வேதவாக்காயிற்று. மார்ச் 6ஆந் தேதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. காடையரைச் சட்டத்தால்தான் அடக்க வேண்டும். இன்சொல் அவர்களைத் தடுக்காது. ஆயினும் காடையருக்குப் பின்னால் மௌனமாக நின்று பொய்யை நம்பியவர்கள் ஏராளம். அவர்கள் பாடசாலை சென்று படித்தவர்களே. அவர்களுக்கு ஐயுறவும் வினவவும் கற்பிக்கத் தவறிய கல்விமுறையை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் இருக்க முடியாது.

ஆசிரியத் தோழர்கள் செய்யத்தக்கன சில உண்டு. விவாத வகுப்பிலே மாணவன் தன் கட்சியைப் பேசுமுன் எதிர்க்கட்சியின் வாதத்தைத் தன் சொல்லில் எடுத்துரைக்கட்டும். ‘ஆம், நான் சொன்னது இதுவே’ என்று எதிராளி ஒப்பிய பின்னரே மறுப்பைத் தொடங்கட்டும். எது செய்தி, எது மதிப்பீடு, எது சொந்த நலன் என்று பிரித்தறியப் பழகட்டும். பேச்சு முடிந்ததும் வெற்றி தோல்வி அறிவிப்பதை விடுத்து, எதிராளியிடமிருந்து தான் பெற்றுக்கொண்டது யாது என்று ஒவ்வொருவனும் ஒன்றேனும் எழுதட்டும். கண்டியிலே சிங்களப் பாடசாலையும் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒரே நகருக்குள் இருக்கின்றன. அவற்றின் மாணவர் ஆண்டுக்கு ஓரிருமுறையாவது ஓரிடத்தில் அமர்ந்து பேசுவார்களாயின் அதன் பயன் பெரிது. ஒருவர் மொழியை மற்றவர் கற்பதும் இதன் பகுதியே.

இலக்கிய ஏடுகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவரைக் கண்டித்து எழுதும் கட்டுரைக்கு இடமளிக்கும் ஏடு, அவருடைய மறுமொழிக்கும் அதே அளவு இடமளிக்க வேண்டும். மேற்கோளைச் சிதைத்து எடுத்தாள்வதையும், எழுதியவன் எந்த ஊர், எந்தச் சாதி, யாருடைய சம்பளக்காரன் என்ற ஆராய்ச்சியையும் அச்சேற்றாது திருப்பியனுப்ப வேண்டும். கண்டனம் கூர்மையாக இருக்கட்டும். அக்கூர்மை கருத்தை நோக்கியதாக இருக்கட்டும்.

ஒடுக்கப்பட்டோர்க்கு இலக்கியத்திலே இடம் கேட்டுப் புறப்பட்டது முற்போக்கு இயக்கம். எல்லாருடைய குரலும் கேட்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தவர்கள், தமக்கு ஒவ்வாத குரலையும் முழுமையாகக் கேட்டபின் மறுக்கும் முறையைத் தம் சங்கங்களிலும் வகுப்பறைகளிலும் ஏடுகளிலும் முதலில் நிலைநாட்ட வேண்டும். நாளை அமைக்க விரும்பும் சமத்துவச் சமூகத்திலும் மனிதர் மாறுபடவே செய்வர். அங்கே மாறுபடும் முறையை இன்றே பயின்றுகொள்வது நம் கடமையாகும்.